பக்கத்துக் காம்பராவின் சமிக்ஞை

மகுலெல்லைத் தோட்டத்துப் பழனியாண்டிக்கு நெஞ்சில் புற்றுநோய் வளர்ந்ததற்கு, பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பஞ்சவர்ணமே காரணம் என்று தோட்ட நிர்வாகம் 1976ஆம் ஆண்டு ஏகமனதாகத் தீர்மானித்தது. அதற்கு முன்னால் நடந்தவற்றையும் சொல்லிவிட்டால், நிர்வாகத்தை யாரும் அவசரப்பட்டுக் குறை சொல்லமாட்டார்கள்.

மகுலெல்லை, கரவனெல்லையிலிருந்து தெரணியகலைக்குப் போகும் பாதையோரத்து ரப்பர் தோட்டம். ஆட்கள் லயம் என்கிற நீள வரிசைக் கட்டடங்களில், சுவரோடு சுவர் ஒட்டிய காம்பரா என்கிற ஒற்றை அறைகளில் குடியிருந்தார்கள். மரத்தில் வெட்டிய பால் உறைந்து, உருளையில் நசுங்கி ஷீட்டாகி, புகையில் பதமான பிறகுதான் கொழும்புக்குப் போகும். அந்தப் புகை போடும் கட்டடத்துக்குப் புகைக்காம்பரா என்று பேர். அதற்கு ஒரு காலத்தில் புகைபோக்கி இருந்தது. ஒரு பெருமழையில் அது சரிந்து விழுந்தது. அன்றிலிருந்து புகைக்கு வேறு போக்கிடம் இல்லாமல், உள்ளே ஷீட் புரட்டப் போகும் பழனியாண்டிக்குள் போய்ச் சேர்ந்தது.

முதலில் வறட்டு இருமல் வந்தது. பிறகு துண்டில் ரத்தம் பட்டது. அவருடைய மனைவி ஜெயம்மா பயந்துபோய்ப் பக்கத்துக் காம்பராப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டாள். பஞ்சவர்ணம் பால் வெட்டுகிறவள். கடைத்தெருவில் பேரம் பேசுமளவுக்குச் சிங்களம் தெரிந்தவள். மூன்று பேரும் பஸ் ஏறிக் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே நெஞ்சைப் படம் பிடித்துப் பார்த்த டாக்டர், புற்றுநோய் மாதிரித் தெரிகிறது, இனிப் புகைக்குள் கால் வைக்கக்கூடாது, சுணங்காமல் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று பதமாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் பஞ்சவர்ணம் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றாள். பெரிய கிளாக்கர் நாகலிங்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

“கொழும்புக்குப் போறதுன்னா நோய்ச் சீட்டு வேணும். அதத் தோட்டத்து டாக்டர்தான் குடுக்கணும்.”

“நம்ம தோட்டத்துக்கு டாக்டர் இல்லீங்களே ஐயா.”

“அதத்தான் நானும் சொல்றேன். இல்லாத டாக்டர் எப்படிச் சீட்டுக் குடுப்பாரு? நீயே யோசிச்சுப் பாரு.”

பஞ்சவர்ணம் யோசித்துப் பார்த்தாள். கிளாக்கர் சொன்னதில் ஓட்டை ஒன்றும் தெரியவில்லை.

“சீட்டு இல்லாமப் போனா என்னாங்க?”

“வேலையாள் பதிவுல பேர வெட்டிருவோம். பேரு போனா காம்பராவும் போயிரும். நோயாளிக்கு ஒரு கூரையாவது இருக்கட்டுமேன்னுதான் போகவேணாங்கிறேன்.”

பழனியாண்டி மறுபடியும் புகைக்காம்பராவுக்கே போனார். காலையில் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது பேர் கூப்பிடுகிற சத்தத்தைவிட அவர் இருமல் சத்தம் பெரிதாகக் கேட்டது. தோட்டத்தை நடத்தும் பெரிய தொரை சேனாதீரவுக்கு அது இடைஞ்சலாக இருந்தது. இடைஞ்சலுக்கு ஒரு பரிகாரம் செய்யவேண்டும் என்று அவர் நினைத்தார்; சுகாதார வாரம் கொண்டாடுவது என்று முடிவாயிற்று.

கொழும்பிலிருந்து நெஞ்சுநோய் நிபுணர் டாக்டர் லாபிர் வந்தார். பெரட்டுக்களத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். டாக்டருக்குத் தமிழ் தாய்மொழி. சனங்களோடு நேரடியாகத் தமிழில் பேசிவிடுகிறேன் என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் நிகழ்ச்சி நிரலில் மொழிபெயர்ப்பாளர் என்று கிளாக்கர் நாகலிங்கத்தின் பேர் அச்சாகியிருந்தது. மாலையும் கட்டி வந்தாயிற்று. ஆகவே டாக்டர் ஆங்கிலத்தில் பேசினார். பேசி முடிந்ததும் அவரைத் தொரை தேநீருக்கு பங்களாவுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து அவர் குருவிட்டையில் இன்னொரு கூட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பு, டாக்டர் போன பிறகு, தனக்குரிய நேரத்தில், மாலையோடு நடந்தது.

நாகலிங்கத்துக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் கிடையாது. சில சொற்களுக்குப் பொருள்தான் தெரியாது. டாக்டர் வாய்க்கு வாய் ‘செல்’, ‘செல்’ என்று சொல்லியிருந்தார். பொலிஸ் ஸ்டேஷனில் ஆளைப் பிடித்து அடைக்கிற சின்ன அறைக்கு அந்தப் பேர் உண்டு என்பது நாகலிங்கத்துக்கு நிச்சயமாகத் தெரியும். சின்ன அறை என்றால் தோட்டத்துப் பேச்சில் காம்பரா. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“டாக்டர் ஐயா சொன்னதாவது: புற்றுநோய் புடிச்ச காம்பரா தானா வளராது. பக்கத்துக் காம்பராவுல இருந்து அதுக்கு சமிக்ஞை, அதாவது சிக்னல், போகுது. ‘வளரு, வளரு’ன்னு சொல்லுது. அந்த சிக்னல வாங்கிக்கிட்டுத்தான் நோய் பெருசாகுது.”

பந்தலில் இருந்த அத்தனை தலையும் ஒரே நேரத்தில் பஞ்சவர்ணத்தின் பக்கம் திரும்பியது. அவள் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் பந்தல்கால்தான் இருந்தது.

இதே பேச்சை ஆங்கிலத்தில் கேட்டபோது தொரை மரியாதைக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தமிழில் வந்ததை மறுநாள் கிளாக்கர் விளக்கியபோதுதான், இது நிர்வாகத்துக்கு உபயோகமான விஞ்ஞானம் என்று அவருக்குப் புரிந்தது.

“புகைக்காம்பரா?” என்று அவர் கவலையோடு கேட்டார்.

“அதுக்குப் பக்கத்துல யாரும் குடியில்லீங்க தொரை. அயல் இல்லாத எடத்துக்கு அயல் சமிக்ஞை வராது. அதனால அது சம்பந்தப்படாது.”

“ஹரி, ஹரி,” என்று சிங்களத்தில் சரி சொன்னார் தொரை. மனசிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

அந்த வாரத்திலேயே அயற்காம்பராச் சமிக்ஞைக் கட்டுப்பாட்டுக் குழு என்று ஒன்று அமைந்தது. தொரை தலைவர். கிளாக்கர் செயலாளர். தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் நலன்புரிச் சபையிலிருந்து இரத்தினசிங்க என்ற பிரதிநிதி, இரத்தினபுரியிலிருந்து காரில் வந்து சேர்ந்துகொண்டார். முதல் விசாரணைக்குப் பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டார்கள்.

“ஒன் காம்பராவுல இருந்து பழனியாண்டி காம்பராவுக்கு என்னென்ன சமிக்ஞை குடுத்த?” என்று நாகலிங்கம் கேட்டார்.

“சமிக்ஞைன்னா என்னாங்க ஐயா?”

“ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குப் போற சேதி.”

பஞ்சவர்ணம் மறைக்கத் தெரியாதவள். “பைப்புல தண்ணி வந்துட்டா சொவத்துல தட்டுவேங்க. ரெண்டு தட்டு.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தட்டினதுக்கு அந்தப் பக்கத்துல என்ன நடக்கும்?”

“ஜெயம்மா மதினி வாளிய எடுத்துக்கிட்டு வருவாங்க.”

“நோய் பெருசாகல்லியா?”

“வாளிதாங்க பெருசு. அண்ணனுக்குச் சுடுதண்ணி நெறைய வேணுமே.”

சபைப் பிரதிநிதி முகத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, தோட்டம் முழுக்க இப்படித்தான் தட்டுகிறார்களா என்று கேட்டார். முழுக்க இப்படித்தான் என்று பஞ்சவர்ணம் பெருமையாகச் சொன்னாள். வெள்ளையம்மா காம்பராவில் அடுப்பு அணைந்தால் தான் கொள்ளிக்கட்டை கொடுப்பதையும், தான் மலையில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போது மழை வந்தால் கொடியிலிருக்கும் துணியை யாராவது எடுத்து உள்ளே போடுவதையும் கேட்காமலே சொன்னாள். நிலைமை இவ்வளவு முற்றிப்போயிருக்கும் என்று குழு எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகு லயத்தில் சட்டம் வந்தது. சுவரில் தட்டக்கூடாது. நெருப்புக் கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது. காம்பராவுக்குக் காம்பரா பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. வாசலில் நின்று கண்ணைக் காட்டுவதும் குற்றம். வேறொருவர் சமிக்ஞை கொடுத்தால், அதை வாங்கியவர் உடனடியாகக் குழுவுக்கு முறையிடவேண்டும். இதையெல்லாம் கவனிக்க ஒரு வாச்சரை நியமித்து, அவர் கழுத்தில் விசிலும் கட்டினார்கள். யாராவது சமிக்ஞை கொடுப்பதைக் கண்டால் அவர் விசில் அடிக்கவேண்டும். விசிலே ஒரு சமிக்ஞைதானே என்று சந்தேகம் எழுந்தபோது, நிர்வாகம் கொடுக்கும் சமிக்ஞையால் நோய் வராது என்று குழு தெளிவுபடுத்தியது.

சமிக்ஞையற்ற முதல் லயத்தைத் திறந்துவைக்கப் பெரிய கூட்டம் கூட்டினார்கள். லயம் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. அதனால் ரிப்பன் கட்டி மூடி, பிறகு வெட்டித் திறந்தார்கள். சபைப் பிரதிநிதி அழகான தமிழில் பேசினார்.

“முற்காலத்தில் ஒரு தொழிலாளி நோயில் விழுந்தால், நிர்வாகத்தைக் குறை சொன்னார்கள். புகையென்றார்கள், மருந்தென்றார்கள், டாக்டர் எங்கே என்றார்கள். அது அறியாமைக் காலம். இன்று விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது. தொழிலாளியின் நோய்க்குத் தொழிலாளியே பொறுப்பு என்று நிரூபித்திருக்கிறோம். இதனால் சபைக்கு ஒரு சதம்கூடச் செலவில்லை என்பதை நினைக்கும்போது, என் நெஞ்சு பூரிக்கிறது!”

எல்லாரும் கைதட்டவேண்டிய இடம் அது. கைதட்டுவது சமிக்ஞையோ என்று தெரியாமல் சனங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வாச்சரும் எதற்கும் இருக்கட்டும் என்று விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழனியாண்டிக்கு இருமல் பிடித்தது. விட்டு விட்டு வரவில்லை. மூச்சு வாங்க இடம் கொடுக்காமல் ஒரே தொடராக வந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் பஞ்சவர்ணம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திக் கேட்டாள். ஜெயம்மா சுவரில் தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை. பாவி மனுஷி, சட்டத்துக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள் என்பது பஞ்சவர்ணத்துக்கு விளங்கியது. அவள் சுளகை அப்படியே போட்டுவிட்டுப் போனாள். பழனியாண்டியை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். ஜெயம்மா ரத்தத்தைத் துடைத்தாள்.

வாசலில் விசில் ஊதியது.

“ஊது, நல்லா ஊது,” என்றாள் பஞ்சவர்ணம். “அந்த மூச்ச இவருக்குக் குடுத்தாலும் புண்ணியம்.”

மறுநாளே அவளுக்குத் தண்டனை கிடைத்தது. அவளை நோயாளியின் காம்பராவுக்கு எட்டாத தூரத்தில் வைப்பதென்று குழு முடிவெடுத்தது. தோட்டத்தில் காலியாக இருந்தது ஒரே ஒரு காம்பராதான். புகைக்காம்பராவின் சுவரோடு சுவராக ஒட்டியிருந்த பழைய விறகு அறை அது. சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பஞ்சவர்ணம் அங்கே குடிபோனாள்.

அங்கே போய்ச் சேர்ந்ததும் அவள் கண் எரிந்தது. சுவரின் வெடிப்பு வழியாகப் புகை வந்தது. சோற்றில் புகை மணத்தது. கொஞ்ச நாளில் அவளுக்கும் இருமல் வந்தது. அவளுக்கு இருந்தது ஒரே பயம்: சட்டத்தை மறுபடியும் மீறிவிட்டால் இனி எங்கே துரத்துவார்களோ? வாங்கின சமிக்ஞையை உடனே முறையிடவேண்டும் என்பது சட்டம். அவள் ஆபீசுக்குப் போனாள்.

“ஐயா, எனக்குப் பக்கத்துக் காம்பரா சிக்னல் குடுக்குதுங்க.”

நாகலிங்கம் உற்சாகமானார். “யாரு குடியிருக்கிறா?”

“யாரும் இல்லீங்க. காம்பராதான் குடுக்குது. கறுப்பா, கண்ணு எரியிறாப்புல. ராப்பகலா குடுக்குதுங்க.”

“புகைக்காம்பராவா? அது குடியிருப்பு இல்லியே!”

“பேரு காம்பராதானுங்களே ஐயா. எனக்குப் பக்கத்துலதானே இருக்கு. ஐயாமாருதானே என்னய அதுக்கு அயலாக்கி வச்சீங்க?”

நாகலிங்கம் தொரையிடம் ஓடினார். குழு கூடியது. முறைப்பாட்டைத் தள்ளிவிட்டால், பக்கத்துக் காம்பராவால் நோய் வராது என்று நிர்வாகமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சபையின் ஆண்டறிக்கையிலோ அந்தச் சாதனை ஏற்கெனவே ஏறிவிட்டது. வேறு வழியில்லை, புகைக்காம்பராவை விசாரிக்கவேண்டியதுதான் என்றார் சபைப் பிரதிநிதி.

விசாரணை முறைப்படி நடக்கவேண்டும் என்பதற்காக, பழனியாண்டியை லயத்துக்கு அனுப்பிவிட்டு, உள்ளேயே நாற்காலிகள் போட்டார்கள். சமிக்ஞை வெளியே தப்பிவிடாமல் இருக்கக் கதவைச் சாத்தினார்கள். சாட்சி சொல்ல வந்த பஞ்சவர்ணம் வாசலில் நின்றாள். உள்ளே, வரிசை வரிசையாகத் தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவில், நாகலிங்கத்தின் குரல் கணீரென்று கேட்டது.

“மகுலெல்லைத் தோட்டத்துப் புகைக்காம்பராவே! நீ அயல் காம்பராவுக்குச் சமிக்ஞை கொடுத்தது உண்டா, இல்லையா?”

பதிலுக்குப் புகைதான் வந்தது. பிறகு ஒரு இருமல். அது சபைப் பிரதிநிதியின் இருமல். அடுத்து தொரையின் இருமல். மூன்றாவதாகக் கிளாக்கர் இருமியபோது நாற்காலி விழும் சத்தமும் கேட்டது. கதவு எந்தப் பக்கம் என்று அந்தப் புகைக்குள் மூன்று பேருக்கும் தெரியவில்லை. பஞ்சவர்ணம் கதவைத் திறந்தாள். கண்ணில் தண்ணீர் வடிய, தவழாத குறையாக அவர்கள் வெளியே வந்து புல்லில் உட்கார்ந்தார்கள். வெள்ளைக் கால்சட்டைகள் தேன் நிறத்துக்கு மாறியிருந்தன.

தொரைக்குத்தான் முதலில் பேச்சு வந்தது.

“வேன்! வேனக் கொண்டுவா! இந்தக் காம்பரா உள்ள போன எல்லா ஆளும் இப்பவே கொழும்பு போகணும். டாக்டர் லாபிர்கிட்ட! ஒருத்தர் விடப்படாது!”

பஞ்சவர்ணம் கேட்டுக்கொண்டு நின்றாள். உத்தரவு தெளிவாகத்தான் இருந்தது.

“அப்படீன்னா பழனியாண்டி அண்ணனுந்தாங்களே தொரை,” என்றாள். “அவருதான் எல்லாருக்கும் முந்தி உள்ள போனவரு.”

மறுத்துச் சொல்ல யாருக்கும் மூச்சு இல்லை. நாகலிங்கம் கையை மட்டும் அசைத்தார். அது ஆமாம் என்றா, வேண்டாம் என்றா என்று யாருக்கும் புரியவில்லை. பஞ்சவர்ணம் ஆமாம் என்று எடுத்துக்கொண்டு லயத்துக்கு ஓடினாள். தோட்டத்து வேனின் முன்சீட்டில் தொரையும், நடுவில் குழுவின் மற்ற இருவரும், பின்னால் ஜெயம்மாவின் மடியில் தலைவைத்துப் பழனியாண்டியும் போனார்கள். அவளும் புகையருகில் இருந்தவள்தானே என்று பஞ்சவர்ணத்தையும் ஜெயம்மா இழுத்து ஏற்றிக்கொண்டாள். அவிசாவளை தாண்டும்வரை முன்னாலும் பின்னாலும் மாறி மாறி இருமல்தான்.

டாக்டர் லாபிர் எல்லாரையும் சோதித்தார். பெரியவர்கள் மூன்று பேரையும் முகம் கழுவச் சொன்னார். பழனியாண்டியை வார்டில் சேர்த்தார்.

“ஏன் புள்ள, இவ்வளவு காலம் வச்சிக்கிட்டு இருந்தீங்க?” என்று தமிழில் கேட்டார்.

“நாந்தாங்க ஐயா காரணம்,” என்றாள் பஞ்சவர்ணம். “பக்கத்துக் காம்பராவுல இருந்து சிக்னல் குடுத்துட்டேன். நீங்கதான் சொன்னீங்களாமே.”

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெல்ல விளங்கியது. அவர் நாகலிங்கத்தைப் பார்த்தார். நாகலிங்கம் சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் பஞ்சவர்ணத்தை உட்காரச் சொன்னார். “செல்லுன்னா காம்பரா இல்ல. நம்மட ஒடம்பு கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான சின்ன உயிர்த்துணிக்கையால ஆனது. அதுல ஒண்ணு கெட்டுப்போனா, சுத்தியிருக்கிற நல்லதுங்க அத அடக்கிவைக்கப் பாக்கும். சும்மா இருன்னு சேதி அனுப்பும். ஆனா நாள்பட்ட புகையில அந்த அக்கம்பக்கமே புண்ணாகிப்போனா, அதுங்க புண்ண ஆத்துறதுக்காக வளரு வளருன்னு சேதி அனுப்பும். நல்லதுக்கு அனுப்புற அந்தச் சேதியக் கெட்டது வாங்கிக்கிட்டு வளர்ந்துரும். இதுல இன்னும் எங்களுக்கே தெரியாதது நெறைய இருக்கு. ஆனா ஒண்ணு நிச்சயம். ஒன் கையில ஒரு குத்தமும் இல்ல புள்ள.”

பஞ்சவர்ணம் சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இத்தனை மாதமும் அவள் வெளியே வாய் பேசினாளே தவிர, ஒருவேளை அந்த இரண்டு தட்டில் ஏதோ இருந்திருக்குமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருந்தது. ஜெயம்மா அவள் தோளில் கை போட்டாள். வாச்சர் பக்கத்தில் இல்லை.

பழனியாண்டிக்கு நெஞ்சைத் திறந்து நோய் பிடித்த பகுதியை எடுத்தார்கள். பிழைத்தார். ஒரு பக்கம் தோள் சரிந்து, நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்கவேண்டிய மனிதராகத் திரும்பி வந்தார், ஆனால் வந்தார். குழு அதைத் தன் சிகிச்சையின் வெற்றி என்று அறிவித்தது.

ஆனால் அவர் இன்னும் வார்டில் இருந்தபோதே, வேன் திரும்பிய மறுநாள் பெரட்டில், புகைக்காம்பராவுக்குப் புது ஆள் போட்டார்கள்.

“அழகமுத்து, புகைக்காம்பரா!” என்று நாகலிங்கம் கூப்பிட்டார்.

அழகமுத்து நின்ற இடத்திலேயே நின்றான். நாகலிங்கம் மறுபடியும் கூப்பிட்டார். அவன் தன் கால் பெருவிரலைப் பார்த்தான்.

“இராமையா!”

இராமையாவும் அசையவில்லை. மூன்றாவது பேர், நாலாவது பேர் எல்லாம் கூப்பிட்டாயிற்று. களத்தில் ஒரு சத்தம் இல்லை. பெண்கள் பால்வாளியைக் கையில் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கையை உயர்த்தவில்லை. யாரும் திரும்பி அடுத்தவர் முகத்தைப் பார்க்கக்கூட இல்லை.

தொரை கோபத்தில் சிவந்தார். “யார்? யார் சிக்னல் குடுத்தது?”

வாச்சர் விசிலை வாய்வரைக்கும் கொண்டுபோய், யாரைப் பார்த்து ஊதுவது என்று தெரியாமல் கீழே இறக்கினார்.

அந்த வாரம் முழுக்கப் புகைக்காம்பராவுக்குள் யாரும் போகவில்லை. ஷீட்டுகளில் பச்சைப் பூஞ்சணம் பிடித்தது. கொழும்பிலிருந்து சரக்கு எங்கே என்று கேட்டு ஆள்மேல் ஆள் வந்தது. கடைசியில் தெரணியகலையிலிருந்து மேசன் பாஸ் என்கிற கொத்தனார் ஒருவர் வந்து, விழுந்துகிடந்த புகைபோக்கியைத் தூக்கி நிறுத்தி, வெடிப்புகளைப் பூசி, கூரையில் நாலு புகைவாசல் திறந்துவிட்டார். அதன் பிறகுதான் அழகமுத்து உள்ளே போனான். பஞ்சவர்ணம் தன் பழைய காம்பராவுக்குத் திரும்பினாள். ஆபீசில் யாரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

ஒரு நாள் பாதையில் நாகலிங்கம் அவளை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எங்கிட்ட மட்டும் சொல்லு. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். அன்னைக்கிப் பெரட்டுல யாரு சிக்னல் குடுத்தது?”

“சத்தியமா யாரும் குடுக்கலீங்க ஐயா,” என்றாள் பஞ்சவர்ணம். “பக்கத்துல நிக்கிறவுங்களுக்கு என்னாத்துக்குங்க சிக்னலு?”

அவள் பொய் சொல்கிறவள் அல்ல என்பது அவருக்குத் தெரியும். அவர் அதையே சபைக்குத் தெரிவித்தார்: தீவிரமாக விசாரித்ததில், பெரட்டுக்களத்தில் எந்தச் சமிக்ஞையும் காணப்படவில்லை. சபை மிகவும் மகிழ்ந்தது. சப்ரகமுவா மாகாணத்திலேயே அயல் சமிக்ஞையை அடியோடு ஒழித்த முதல் தோட்டம் என்று மகுலெல்லைக்கு ஒரு வெள்ளிக் கேடயம் கொடுத்தார்கள்.